புது மடிக்கணினியில் காணாமல் போகும் சேமிப்பிடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் கணினி பழுதுபார்க்கும் வேலையில் இருப்பதால், கல்லூரிகள் திறக்கும் ஜூன் மாதத்திலும், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு மடிக்கணினி வாங்கிக் கொடுக்கும் நாட்களிலும், ஒரே சந்தேகத்தைப் பல குரல்களில் கேட்டுவருகிறேன். குலசேகரம், தக்கலை, குளச்சல் என்று எங்கிருந்து வந்தாலும், வாங்கிய அளவுக்கும் திரையில் தெரியும் அளவுக்கும் பொருத்தமில்லை என்பதுதான் அவர்களுடைய குறை. என் அனுபவத்தில் அந்த இடம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே இருக்கிறது. யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே எதையும் அழிப்பதற்கு முன் கணக்குப் பார்க்கும் முறையைத்தான் இங்கே முதலில் சொல்லியிருக்கிறேன். விளக்கங்கள் விண்டோஸ் 11-க்கானவை. திரையில் ஆங்கிலத்தில் வரும் பெயர்களை அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

“பெட்டியில 512 ஜிபின்னு போட்டிருக்கு, திறந்து பார்த்தா 476தான் காட்டுது. கடைக்காரர் ஏமாத்திட்டாரா அண்ணே?”

ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று பத்தின் அடுக்கில் கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 1024-ஐ மூன்று முறை பெருக்கி வரும் 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்று எடுத்துக்கொள்கிறது. 512 ஜிபி என்று விற்கப்படும் டிஸ்க்கில் வழக்கமாக 51,211 கோடி பைட்டுக்குச் சற்று அதிகமாகவே இருக்கும். அதை விண்டோஸின் அளவுகோலால் வகுத்தால் 476.94 கிடைக்கிறது. நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு உள்ள ஏறத்தாழ 20 கிலோமீட்டரை மைலில் சொன்னால் 12 என்று வருவதைப் போன்றதுதான் இது. எண் குறைவதால் சாலை சுருங்குவதில்லை.

இதே கணக்கில் 256 ஜிபி டிஸ்க் 238 ஆகவும், 1 டிபி டிஸ்க் 931 ஜிபி ஆகவும் தெரியும். 2 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 1.81 டிபி என்று காட்டும். உங்கள் டிஸ்க்கின் மொத்த அளவு இந்த எண்களை ஒட்டி இருந்தால் வாங்கிய பொருளில் குறையில்லை என்று நம்பலாம். 512 என்று வாங்கியதன் மொத்தம் 238 என்று தெரிந்தால் அது வேறு விஷயம். அதைப் பின்னால், ஏமாற்றுப் பொருள் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

“அப்படின்னா என் அக்காவோட மேக் கணினியில மட்டும் ஏன் குறையாமல் காட்டுது?”

ஆப்பிள் நிறுவனம் 2009-இல் வெளியிட்ட ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து, மேக் கணினிகள் டிஸ்க் தயாரிப்பாளர்களைப் போலவே பத்தின் அடுக்கில் கணக்கிடுகின்றன. இரண்டு கணக்குகளுக்கும் ஒரே பெயர் இருப்பதால் வரும் குழப்பத்தைத் தீர்க்க, சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இலேயே 1024-இன் அடுக்குகளுக்கு கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்ற தனிப்பெயர்களை அறிவித்தது. லினக்ஸ் கருவிகள் பலவும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. விண்டோஸ் இன்றுவரை பழைய பெயரையே எழுதுகிறது. அதனால் விண்டோஸில் 100 ஜிபி என்று தெரியும் ஒரு கோப்புறையை மேக்கில் திறந்தால் 107 ஜிபி என்று தெரியும். கோப்புகள் ஒன்றேதான்.

“16 ஜிபி ரேம்னு சொன்னாங்க, 15.7தான் பயன்படுத்தலாம்னு வருது. இதுவும் அதே கணக்கா?”

இது வேறு. ரேமை எல்லோரும் 1024-இன் அடுக்கிலேயே கணக்கிடுவதால் அங்கே அளவுகோல் வித்தியாசம் கிடையாது. திரைக்கான வரைகலைச் சில்லும் வன்பொருளும் தங்களுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கிக்கொள்வதால் மீதி குறைகிறது. ரேமுக்கும் டிஸ்க் இடத்துக்கும் இதில் தொடர்பில்லை.

“476-ஐ ஒத்துக்கிட்டேன். ஆனா சி டிரைவ் மொத்தமே 150தான் இருக்கு, வேற டிரைவும் இல்ல. மீதி எங்க போச்சு?”

இந்தக் கேள்விக்கு ஊகத்தால் விடை சொல்ல முயலக்கூடாது. டிஸ்க்கையே பார்க்க வேண்டும். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்பதைத் திறவுங்கள். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0 என்று தொடங்கும் ஒரு வரிசை இருக்கும். அதன் இடது ஓரத்தில் டிஸ்க்கின் மொத்த அளவும், வலப்பக்கம் நீளமாக அது எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதும் கட்டங்களாகத் தெரியும். மை கம்ப்யூட்டர் என்று நாம் திறந்து பார்க்கும் இடத்தில் எழுத்து கொடுக்கப்பட்ட பகுதிகள் மட்டுமே தெரியும் என்பதால், உண்மையான கணக்கு இந்தத் திரையில்தான் இருக்கிறது.

தக்கலையிலிருந்து ஒரு மாணவி கொண்டுவந்த கணினியை எடுத்துக்கொள்வோம். டிஸ்க் 0-இன் மொத்தம் 476.94 ஜிபி. முதல் கட்டம் 260 எம்பி. கணினி உயிர்பெறுவதற்குத் தேவையான இஎஃப்ஐ பகுதி அது. அடுத்து சி டிரைவ், 150 ஜிபி. அதற்கடுத்து 700 எம்பி அளவில் ரிக்கவரி பகுதி, அதாவது விண்டோஸ் பழுதானால் அதைச் சீர்செய்யும் கருவிகள் இருக்கும் இடம். கடைசியில், கறுப்புப் பட்டையின் கீழ், அன்அலொகேட்டட் என்ற பெயருடன் ஏறத்தாழ 326 ஜிபி. விண்டோஸை நிறுவியவர் சி டிரைவுக்கு 150 ஜிபி கொடுத்துவிட்டு, மீதியை டிரைவாக மாற்றாமல் விட்டிருந்தார். புதுக் கணினியில் இடம் காணவில்லை என்று வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான்.

எல்லாக் கட்டங்களையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை இடது ஓரத்தில் உள்ள மொத்தத்தோடு பொருந்த வேண்டும். 16 எம்பி அளவில் ஒரு சிறு பகுதி இந்தத் திரையில் காட்டப்படாது. அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். சில நிறுவனங்கள் தங்கள் கணினியை வாங்கியபோது இருந்த நிலைக்குத் திருப்பும் கோப்புகளுக்காக 10 முதல் 20 ஜிபி வரை தனிப்பகுதி வைத்திருக்கும். அதுவும் இங்கே தெரியும்.

“அந்த 326 ஜிபியை சி டிரைவோட சேர்க்கப் பார்த்தேன், எக்ஸ்டெண்ட் வால்யூம் மங்கலாகவே இருக்கு. என்ன செய்ய?”

டிஸ்க் மேனேஜ்மென்ட், சி டிரைவுக்கு வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே அதனோடு சேர்க்கும். மேலே சொன்ன உதாரணத்தில் சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே ரிக்கவரி பகுதி நிற்பதால் அந்த வசதி செயல்படவில்லை. நடுவில் எதுவும் இல்லாவிட்டால், சி டிரைவின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து எக்ஸ்டெண்ட் வால்யூம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

நடுவில் ரிக்கவரி இருந்தால், அந்தக் காலி இடத்தைத் தனி டி டிரைவாக ஆக்கிக்கொள்வதே நான் பரிந்துரைக்கும் வழி. அதன் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து, நியூ சிம்பிள் வால்யூம் தேர்ந்து, என்டிஎஃப்எஸ், குயிக் ஃபார்மட் என்று கொடுத்தால் போதும். இருக்கும் எந்தக் கோப்பும் இதனால் பாதிக்கப்படாது. ரிக்கவரி பகுதியை நகர்த்தும் மென்பொருள்கள் இருக்கின்றன; அவை பெரும்பாலும் சரியாகவே வேலை செய்கின்றன என்றாலும், நகர்த்தும்போது மின்சாரமோ பேட்டரியோ போய்விட்டால் கணினி எழாமல் போகலாம். 150 ஜிபி சி டிரைவ் விண்டோஸுக்கும் மென்பொருள்களுக்கும் போதுமானது. அந்த ஆபத்தை ஏற்க வேண்டிய அவசியம் பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

ரிக்கவரி பகுதியை அழித்துவிட்டால் வேலை எளிதாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். 700 எம்பிக்காக விண்டோஸின் பழுதுநீக்கும் வழியை இழப்பது நல்ல பேரம் அன்று.

“பகுதிகளில் கை வைக்கும் முன்னாடி எதையாவது எடுத்து வைக்கணுமா?”

இரண்டு வேண்டும். ஒன்று, முக்கியமான கோப்புகளின் நகல், அந்தக் கணினிக்கு வெளியே. மற்றொன்று, பிட்லாக்கர் மீட்பு எண். டிஸ்க்கில் இருப்பதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். புதிய கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கால் உள்நுழைந்த உடனேயே டிஸ்க் முழுவதும் தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது. உரிமையாளருக்கு அது தெரிவதும் இல்லை. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்பதன் கீழ் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் என்று இருந்தால் உங்கள் கணினியும் அந்த வகைதான்.

பகுதிகளை மாற்றும்போதோ, விண்டோஸ் எழுவதற்கு முன் வரும் பயாஸ் அமைப்பில் எதையாவது தொடும்போதோ, அடுத்த முறை கணினி 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டு நின்றுவிடக்கூடும். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும், கணினி நிறுவனத்தாலும்கூட, எடுக்க முடியாது. எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் சாதனத்தின் பெயரோடு இருக்கும். அதைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். கடைக்காரர் தன் சொந்த மின்னஞ்சலால் கணினியைத் தொடங்கிக் கொடுத்திருந்தால் எண் அவருடைய கணக்கில் இருக்கும். ஆகவே தொடக்க அமைப்பை உங்கள் மின்னஞ்சலாலேயே செய்யும்படி வாங்கும் இடத்திலேயே வற்புறுத்துங்கள். இதை நான் யாரிடமும் இரண்டு முறை சொல்லத் தயங்குவதில்லை.

“1 டிபியும் 256 ஜிபியும் சேர்ந்த கணினி வாங்கினேன். 256 மட்டும்தான் இருக்கு, 1 டிபி டிரைவே இல்லையே?”

டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தவுடன் டிஸ்க் 1 என்று இரண்டாவது வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே நாட் இனிஷியலைஸ்டு என்றோ, முழுவதும் அன்அலொகேட்டட் என்றோ இருந்தால், டிஸ்க் உள்ளேதான் இருக்கிறது; யாரும் அதைத் தயார்செய்யவில்லை. இனிஷியலைஸ் கொடுக்கும்போது எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு முறைகளைக் கேட்கும். ஜிபிடி தேர்ந்தெடுங்கள்; வழக்கமான டிஸ்க்குகளில் எம்பிஆர் முறையால் 2 டிபிக்கு மேல் கணக்கிட முடியாது. அதன்பின் முன்பு சொன்ன நியூ சிம்பிள் வால்யூம் வழிதான். இரண்டாவது வரிசையே இல்லையென்றால் கணினியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். வாரண்டி இருக்கும்போது அதை நீங்கள் செய்ய வேண்டாம், விற்ற இடத்துக்கே கொண்டு செல்லுங்கள்.

ஏற்கெனவே பயன்படுத்திய பழைய டிஸ்க் திடீரென்று நாட் இனிஷியலைஸ்டு என்று காட்டினால் எதையும் அழுத்தாதீர்கள். அங்கே இனிஷியலைஸ் கொடுப்பது, உள்ளே இருக்கும் கோப்புகளை மீட்பதைக் கடினமாக்கிவிடும்.

“சி டிரைவ் சிவப்பாகிட்டு, டி டிரைவ் காலியாகக் கிடக்கு. அங்கேயிருந்து இங்கே கொஞ்சம் எடுக்க முடியுமா?”

டி டிரைவ் சி டிரைவை ஒட்டி இருந்தால் முடியும். ஆனால் டி டிரைவின் கோப்புகளை வெளியே எடுத்து, அதை அழித்து, சி டிரைவை நீட்டி, மீதியில் புதிய டி டிரைவை உருவாக்க வேண்டும். டி டிரைவை அழிக்காமல் சுருக்கினால் காலி இடம் அதன் வலப்பக்கத்தில்தான் உருவாகும், சி டிரைவின் பக்கத்தில் உருவாகாது. இதை அறியாமல் சுருக்கிவிட்டு, பின்னர் எக்ஸ்டெண்ட் வரவில்லையே என்று திகைப்பவர்கள் அதிகம்.

கோப்புகளை நகர்த்துவது இதைவிட எளிது. டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ், வீடியோஸ் ஆகிய கோப்புறைகள் ஒவ்வொன்றின் பிராப்பர்ட்டீஸிலும் லொகேஷன் என்று ஒரு தாவல் உண்டு. டி டிரைவில் அதே பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, லொகேஷன் தாவலில் மூவ் கொடுத்து அதைச் சுட்டினால், பழைய கோப்புகளும் இனி சேமிப்பவையும் அங்கே போகும். தனிக் கோப்புறை உருவாக்காமல் டி டிரைவையே சுட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் டிரைவ் முழுவதையும் விண்டோஸ் டாகுமென்ட்ஸாக எண்ணத் தொடங்கும், பிறகு பிரித்தெடுப்பது பெரும்பாடு. மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் இந்தக் கோப்புறைகளை நகலெடுத்துக்கொண்டிருந்தால், அந்த வசதியை முதலில் நிறுத்திவிட்டு இதைச் செய்யுங்கள்.

“ஒண்ணுமே போடல்ல, புதுசு. ஆனா அதுக்குள்ள 60 ஜிபிக்கு மேல நிறைஞ்சிருக்கு. வைரஸா?”

வைரஸ் இல்லை. விண்டோஸ் 11-ஐ நிறுவ மைக்ரோசாஃப்ட் கேட்கும் குறைந்தபட்ச டிஸ்க் அளவே 64 ஜிபி என்பதை நினைவில் வையுங்கள். அதற்குமேல் அலுவலக மென்பொருள், கணினி நிறுவனத்தின் சொந்த மென்பொருள்கள், முதல் நாளே இறங்கிய புதுப்பிப்புகள் எல்லாம் சேரும்.

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ் என்று சென்று, ஷோ மோர் கேட்டகரீஸ் கொடுத்தால், சிஸ்டம் அண்ட் ரிசர்வ்டு என்ற வரி வரும். அதைத் திறந்தால் நான்கு விஷயங்கள் தனித்தனியாகத் தெரியும்: விண்டோஸின் கோப்புகள், ரிசர்வ்டு ஸ்டோரேஜ், விர்ச்சுவல் மெமரி, ஹைபர்னேஷன் கோப்பு. ரிசர்வ்டு ஸ்டோரேஜ் 2019-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இருக்கிறது. புதுப்பிப்புகள் இடமில்லாமல் பாதியில் நின்றுவிடாதிருக்க ஏறத்தாழ 7 ஜிபியை விண்டோஸ் முன்கூட்டியே பிடித்து வைக்கிறது. விர்ச்சுவல் மெமரி என்பது ரேம் நிறையும்போது உதவும் கோப்பு. அதன் அளவை விண்டோஸே முடிவு செய்யட்டும். ஹைபர்னேஷன் பற்றி அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

சி டிரைவில் உள்ள கோப்புறைகள் அனைத்தையும் தேர்ந்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் 45 ஜிபி வருகிறது, டிரைவோ 60 என்கிறது என்றும் கேட்கிறார்கள். மேலே சொன்னவற்றில் பல மறைக்கப்பட்ட கோப்புகள் என்பதால் அந்தக் கூட்டலில் அவை சேர்வதில்லை.

“ஹைபர்னேஷனை நிறுத்தினா பல ஜிபி கிடைக்கும்னு யூடியூப்ல சொல்றாங்க. செய்யலாமா?”

கிடைக்கும் என்பது உண்மை. அந்தக் கோப்பு வழக்கமாக ரேம் அளவில் 40 விழுக்காடு. 8 ஜிபி ரேமுக்கு 3.2 ஜிபி, 16 ஜிபிக்கு 6.4 ஜிபி. ஆனால் அது சும்மா கிடக்கும் கோப்பு அன்று. பேட்டரி அடியோடு தீரும் நிலையில், திறந்திருக்கும் வேலையை அதில் எழுதி வைத்துவிட்டுத்தான் மடிக்கணினி அணைகிறது. கணினி விரைவாக எழுவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் அதையே நம்பியிருக்கிறது.

நம் மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் இரண்டுமே மழை தருகின்றன. ரப்பர் மரக்கிளை மின்கம்பியில் விழுந்து மணிக்கணக்கில் மின்சாரம் வராமல் போவது மலையோர ஊர்களில் வழக்கம். பாதி எழுதிய புராஜெக்ட் அறிக்கை அந்த நேரத்தில் தப்பிக்க வேண்டும் என்றால் ஹைபர்னேஷன் இருக்கட்டும். 512 ஜிபி வைத்திருப்பவர்கள் அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 128 ஜிபி டிஸ்க்கோடு திண்டாடுகிறவர்கள் மட்டும், நிர்வாகி உரிமையில் திறந்த டெர்மினலில் பவர்சிஎஃப்ஜி கட்டளையால் நிறுத்தலாம். அதே கட்டளையால் மீண்டும் தொடங்கவும் முடியும்.

“பெரிய அப்டேட் வந்த பிறகு ஒரே நாளில் 25 ஜிபி போயிட்டு. அது திரும்பி வருமா?”

வரும். பெரிய பதிப்பு மாற்றத்தின்போது பழைய விண்டோஸை விண்டோஸ் டாட் ஓல்டு என்ற கோப்புறையில் எடுத்து வைக்கிறார்கள். புதியது ஒத்துவராவிட்டால் 10 நாட்களுக்குள் திரும்பிப் போகலாம். அந்தக் கெடு முடிந்தபின் விண்டோஸே அதை அழித்துவிடும். அவசரமாக இடம் வேண்டுமானால் ஸ்டோரேஜ் பக்கத்தில் கிளீனப் ரெகமெண்டேஷன்ஸ் திறந்து, பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன் என்பதைத் தேர்ந்து நீக்கலாம். அச்சுப்பொறி, ஒலி, வைஃபை எல்லாம் புதிய பதிப்பில் சரியாக இயங்குகின்றனவா என்று பார்த்தபின் நீக்குவது நல்லது.

“விண்எஸ்எக்ஸ்எஸ்னு ஒரு ஃபோல்டர் 10 ஜிபிக்கு மேல இருக்கு. அழிச்சா என்ன?”

அழித்தால் விண்டோஸ் எழாமல் போகலாம். அந்தக் கோப்புறையில் உள்ள கோப்புகளில் பெரும்பகுதி, விண்டோஸின் மற்ற கோப்புறைகளில் உள்ள அதே கோப்புகளுக்கான இன்னொரு பெயர்தான். டிஸ்க்கில் அவை ஒரே முறைதான் இடம் பிடிக்கின்றன, எண்ணும்போது மட்டும் இரண்டு முறை எண்ணப்படுகின்றன. பழைய புதுப்பிப்புகளின் மிச்சத்தை நீக்க, டிஸ்க் கிளீனப் கருவியில் கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ் கொடுத்து, விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்பதைத் தேர்ந்தால் போதும்.

“வீட்டுல எல்லாரும் பயன்படுத்துற கணினி. எதுவும் சேமிக்கல்லன்னு சொல்றாங்க, ஆனா நிறையுது.”

மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, வாட்ஸ்அப். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் காணொளிகளும், திருமணம், கோவில் கொடை, ஆலயத் திருவிழாப் படங்களும் கணினி வாட்ஸ்அப்பில் தாமாகவே இறங்கிக்கொண்டிருக்கும். அதன் செட்டிங்ஸில் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்தலாம். இரண்டாவது, ஐஃபோன். கணினியோடு இணைத்து நகலெடுத்தால் அந்த நகல் சி டிரைவில் பயனரின் கோப்புறைக்குள் ஆழத்தில் சேர்கிறது, பல பத்து ஜிபி வரை போகும். அதை ஆப்பிளின் மென்பொருள் வழியாகவே நீக்க வேண்டும்.

மூன்றாவது, ஒன்டிரைவ்; இங்கேதான் நான் மிகவும் எச்சரிக்க விரும்புகிறேன். ஒன்டிரைவ் கோப்புறையில் இருக்கும் படத்தை டெலீட் செய்தால் அது இணையத்திலிருந்தும், அதே கணக்கைப் பயன்படுத்தும் போனின் ஒன்டிரைவிலிருந்தும் போய்விடும். இடம் மட்டும் வேண்டும் என்றால் கோப்புறையின் மேல் வலப்பக்கச் சொடுக்கு செய்து ஃப்ரீ அப் ஸ்பேஸ் கொடுங்கள். மேகக்குறி தோன்றினால் கோப்பு இணையத்தில் பத்திரமாக இருக்கிறது, டிஸ்க்கில் இடம் பிடிக்கவில்லை என்று பொருள்.

“சுத்தம் செய்யும் மென்பொருள் ஒண்ணு போட்டுக்கலாமா?”

வேண்டாம். விண்டோஸிலேயே உள்ள ஸ்டோரேஜ் சென்ஸ் அதே வேலையைச் செய்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்பவை மீட்டுத் தரும் இடம் ஒரு புகைப்படத்தின் அளவுகூட இராது. கெடுத்துவிட்டால் இழப்பு பெரிது. எதையும் அழிக்காமல், எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று படமாகக் காட்டும் ட்ரீசைஸ், விண்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ போன்றவை நல்ல கருவிகள். முடிவை நீங்கள் எடுக்கலாம்.

“அரசு கொடுத்த மடிக்கணினியில் விண்டோஸ் டிரைவ் சிறிதாக இருக்கு. லினக்ஸை நான் பயன்படுத்துறதில்ல, அந்த இடத்தை எடுத்துக்கட்டுமா?”

தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்திலேயே விண்டோஸுடன், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் சேர்ந்து வந்தது. இரண்டு இயங்குதளங்கள் உள்ள எந்தக் கணினியிலும் லினக்ஸின் பகுதி டிஸ்க் மேனேஜ்மென்டில் எழுத்தும் பெயரும் இல்லாத கட்டமாகவே தெரியும். விண்டோஸுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

அந்தக் கட்டத்தை நேரே அழித்தால், கணினியைத் தொடங்கும் கிரப் நிரல் தன் கோப்புகளைக் காணாமல், அடுத்த முறை கறுப்புத் திரையில் கிரப் ரெஸ்க்யூ என்று நின்றுவிடக்கூடும். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் தானாக எழுகிறதா என்று சோதியுங்கள். பிட்லாக்கர் பற்றி முன்பு சொன்னதையும் இங்கே மறக்க வேண்டாம். அதன்பிறகுதான் அழித்து நீட்டும் பேச்சு. கணினியியல் படிப்பவராக இருந்தால் லினக்ஸை வைத்துக்கொள்ளுங்கள் என்றே சொல்வேன். மூன்றாம் ஆண்டில் தேவைப்படும்.

“இணையத்தில் மலிவாக 2 டிபி வெளி டிஸ்க் வாங்கினேன். முழு அளவும் காட்டுது, ஆனா போட்ட படங்கள் திறக்கல்ல.”

இது முதல் கேள்விக்கு நேர் எதிரானது: எண் சரி, இடம் பொய். உள்ளே 64 ஜிபி சில்லை வைத்து, 2 டிபி என்று சொல்லும்படி அதன் கட்டுப்பாட்டு நிரலை மாற்றி விற்கிறார்கள். உண்மையான அளவு நிறைந்தபின் எழுதுபவை எங்கும் பதிவாகாமல் போகின்றன, அல்லது பழையவற்றின் மேல் விழுகின்றன. விண்டோஸில் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவிகள் டிஸ்க் முழுவதும் எழுதி, திரும்பப் படித்து உண்மையைச் சொல்லும். மணிக்கணக்கில் ஆகலாம். புதிய வெளி டிஸ்க்கை வாங்கியதும், கோப்புகளைப் போடுவதற்கு முன்பே, இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

மடிக்கணினியிலேயே பில்லில் 512 என்று எழுதி, டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரே டிஸ்க்காக 238 ஜிபி மட்டும் இருந்தால், அந்தத் திரையைப் படமெடுத்துக்கொண்டு, பில்லோடு விற்ற இடத்தில் கேளுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நம் மாவட்டத்துக்கு அது நாகர்கோவிலில் இருக்கிறது.

“டெலீட் செய்ததைப் பிறகு மீட்டுக்கலாம்தானே? முன்பு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்துக் கொடுத்தார்களே.”

சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் பல நேரம் முடிந்தது. சுழலும் பகுதி இல்லாமல் சில்லுகளால் ஆன இப்போதைய எஸ்எஸ்டியில் ட்ரிம் என்ற ஏற்பாடு இருக்கிறது. கோப்பை அழித்ததும் அந்த இடம் இனி தேவையில்லை என்று விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், எஸ்எஸ்டி அதைத் துடைத்துவிடும். குப்பைத்தொட்டியையும் காலி செய்தபின் மீட்பது பெரும்பாலும் நடக்காது. ஆகவே இடத்தை மீட்கும் அவசரத்தில் படங்களை அழிக்கும் முன் நகல் இருக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்டியை விளிம்புவரை நிரப்பவும் வேண்டாம். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருந்தால்தான் எழுதும் வேகம் குறையாமல் இருக்கும்.

“நீங்க சொன்ன எல்லாத்தையும் கூட்டிப் பார்த்தாச்சு. இன்னும் 40 ஜிபி கணக்கில் வரல்ல.”

முதலில், கணக்குப் பார்த்த கருவியை நிர்வாகி உரிமையோடு திறந்தீர்களா என்று பாருங்கள். சாதாரணமாகத் திறந்தால், வீட்டில் மற்றொருவருடைய பயனர் கணக்கின் கோப்புறைக்குள் அதனால் நுழைய முடியாது. அங்கே இருப்பது அப்படியே விடுபட்டுவிடும். அடுத்து, ரீஸ்டோர் பாயிண்டுகள், அதாவது கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் பதிவுகள். கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட் என்று தேடித் திறந்து, கான்ஃபிகர் கொடுத்தால், தற்போது எவ்வளவு பிடித்திருக்கிறது என்றும், அதிகபட்சம் எவ்வளவு அனுமதி என்றும் தெரியும். வரம்பைக் குறைத்தால் பழையவை நீங்கும். அடியோடு நிறுத்திவிடாதீர்கள், வன்பொருளை இயக்கும் டிரைவர் மென்பொருள் ஒன்று தவறாகி கணினியைக் கெடுக்கும் நாளில் அதுதான் கைகொடுக்கும்.

இரண்டிலும் விடை இல்லையென்றால், சி டிரைவின் பிராப்பர்ட்டீஸில் டூல்ஸ் தாவலுக்குச் சென்று செக் கொடுங்கள். மின்சாரம் திடீரென்று போய் அணைந்த கணினிகளில் கோப்பு அட்டவணை பிழையாகி, யாருக்கும் சொந்தமில்லாத இடம் நிரம்பியதாகவே பதிவாகியிருக்கும். இந்தச் சோதனை அதை விடுவிக்கும். சோதனையே பிழைகளைத் திரும்பத் திரும்பக் காட்டினால் டிஸ்க் பழுதாகிக்கொண்டிருக்கக்கூடும். அப்போது இடத்தைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அன்றைக்கே கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு மாற்றி, வாரண்டியில் புதிய டிஸ்க் கேளுங்கள்.